கொட்டிப் பார்த்தால் போதுமா? மர வல்லுநர் அறிக்கை எப்போது வேண்டும்?

வேரடிமண்:
பக்கத்து இழையில் ரம்பக்கை எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "மரத்துக்கு அறிக்கை வாங்குவதெல்லாம் காசு பிடுங்கும் வேலை. தண்டில் சுத்தியலால் நாலு தட்டு தட்டினால் உள்ளே கோறையா இல்லையா என்று தெரிந்துவிடும். கோறை என்றால் வெட்டு, இல்லை என்றால் விடு" என்கிறார். அதற்கு வரிசையாகக் கைதட்டல் வேறு.

எங்கள் வீட்டுப் பின்புறத்து மரத்தையும் இப்படித்தான் ஒருவர் வந்து தட்டினார். "கணீர்னு இருக்கு, கவலையே வேண்டாம்" என்றார். இலை பச்சைப்பசேல் என்றுதான் இருந்தது. ஆனால் வேர் பிரிகிற இடத்தில் கரியை அப்பியது போல ஒரு கறுப்புப் பொருக்கு. நகத்தால் சுரண்டினால் உதிரும். யாரோ குப்பை கொளுத்திய தடம் என்று விட்டுவிட்டோம். எட்டே மாதம். காற்றே இல்லாத ஒரு விடியற்காலையில் மரம் அடியோடு முறிந்து மதில் மேல் சாய்ந்தது. முறிந்த வாய் உடைந்த பீங்கான் மாதிரி இருந்தது. பிறகு வந்து பார்த்த மரவியல் வல்லுநர்தான் அது கிரெட்ஸ்மேரியா என்ற பூஞ்சையின் வேலை என்றார். அந்தப் பூஞ்சை பிடித்தால் மேலே இலை செழிப்பாகவே இருக்கும், அடிமரம் மட்டும் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். தட்டினால் கணீர்தான் கேட்கும்.

ரம்பக்கை:
இருபது வருஷமாக மரம் ஏறுகிறேன். என் சுத்தியல் பொய் சொன்னதில்லை. உங்கள் வீட்டில் தட்டியவருக்குக் காது சரியில்லை என்றால் நான் என்ன செய்ய? கோறை மரம் 'டொப்' என்று சொல்லும், வைரம் பாய்ந்த மரம் 'டங்' என்று சொல்லும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

புதியவன்7:
ஒரு சந்தேகம். அறிக்கை என்று எதைச் சொல்கிறோம்? சுற்றிவந்து கண்ணால் பார்த்து ஒரு பக்கம் எழுதிக் கொடுப்பதா, கருவி வைத்து உள்ளே அளப்பதா, கட்டட வேலைக்கு முன்னால் வேர்ப் பரப்பைக் குறித்துத் தருவதா? மூன்றும் வேறு வேறு இல்லையா?

வேரடிமண்:
ரம்பக்கை, கோறை என்றால் வெட்டு என்கிறீர்களே, அதுவே தப்பு. கோறையான மரமெல்லாம் விழுவதில்லை. ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூவேயைச் சேர்ந்த கிளாஸ் மாத்தெக் என்ற ஆய்வாளர் முறிந்த மரங்களையும் நின்ற மரங்களையும் அளந்து ஒரு கணக்குச் சொன்னார். தண்டின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக, அதாவது 0.3 அளவுக்கு, நல்ல சுவர் இருந்தால் பெரும்பாலும் தாங்கும். 60 செ.மீ. விட்டமுள்ள மரத்துக்கு ஆரம் 30. சுற்றிலும் 9 செ.மீ. நல்ல மரம் இருந்தால் போதும், நடுவில் முழுக்கப் பொக்காக இருந்தாலும் நிற்கலாம். உங்கள் சுத்தியல் அதை 'டொப்' என்று சொல்லும், நீங்கள் நல்ல மரத்தை வெட்டிச் சாய்ப்பீர்கள்.

ரம்பக்கை:
அந்த 9 செ.மீ. இருக்கிறதா இல்லையா என்பதையும் தட்டித்தான் சொல்வேன். 'டொப்'பிலும் வித்தியாசம் உண்டு. ஏறிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

கட்டடக்காரன்:
அதையும் எல்லா மரத்துக்கும் பொருத்த முடியாது. ஒரு பக்கம் வாய் திறந்த பொந்து இருந்தால் அந்த 0.3 செல்லாது. வேரடிமண் எதையாவது படித்துவிட்டு இங்கே வந்து கொட்டுவது புதிதில்லை. போன மாதம் மதில் விரிசல் இழையிலும் இப்படித்தான், கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை.

வேரடிமண்:
மதில் இழையில் நான் சொன்னது சரி, மன்னிப்புக் கேட்க அங்கே ஒன்றும் இல்லை. திறந்த பொந்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் அளக்கத் தெரிந்தவர் வேண்டும் என்கிறேன்.

நீங்கள் கட்டுகிறவர், உங்களிடமே கேட்கிறேன். மரத்துக்குப் பக்கத்தில் அடித்தளம் தோண்டும்போது எவ்வளவு தள்ளித் தோண்டுவீர்கள்? பிரிட்டனின் 5837 தரவிதியில் (2012 பதிப்பு) வேரைக் காக்க விட வேண்டிய வட்டத்துக்குத் தண்டு விட்டத்தைப் போல 12 மடங்கு ஆரம் என்று இருக்கிறது. தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும். 50 செ.மீ. மரம் என்றால் சுற்றிலும் 6 மீட்டர். ஆணிவேர் ஆழத்தில் பிடித்திருக்கிறது, மேலே வெட்டினால் ஒன்றும் ஆகாது என்று எத்தனை பேர் நம்புகிறார்கள்! பெரிய மரங்களில் பெரும்பாலான வேர்கள் மேல் ஒரு மீட்டருக்குள்தான் இருக்கின்றன, கிளை விரிப்பைத் தாண்டியும் போகும். ஒரு கால்வாய் தோண்டினால் ஒரு பக்கப் பிடிப்பே போய்விடும். மரம் உடனே காட்டாது. இரண்டு மூன்று வருஷம் கழித்து உச்சிக் கிளை காயத் தொடங்கும், அப்போது கால்வாயை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். அப்படி ஒரு வேலை இருந்தால் முதல் மண்வெட்டி விழும் முன் அறிக்கை வாங்குங்கள். மரத்தை வெட்ட உள்ளூர் அனுமதி தேவைப்படும் இடங்களில் பல சமயம் அவர்களே கேட்பார்கள். அண்டை வீட்டாரோடு வழக்கு வரும்போல இருந்தாலும், புதிதாகச் சாய்ந்து ஒரு பக்க மண் மேலே எழும்பியிருந்தாலும், தண்டடியில் தட்டுக் காளான் தெரிந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்.

கட்டடக்காரன்:
ஆறு மீட்டர் விட்டால் வீட்டை எங்கே கட்டுவது, மரத்தின் மேலேயா?

நிழல்காதலன்:
ரம்பக்கை அண்ணே, தட்டுவதை விடுங்கள். போன வருஷம் ஒரு படம் போட்டிருந்தீர்கள், கிளை வெட்டிய இடத்தில் தார் பூசியிருந்தீர்கள். அது தேவையா? பூசினால் அழுகாது என்று யார் சொன்னது?

ரம்பக்கை:
தார் பூசாவிட்டால் தண்ணீர் இறங்கும். காலங்காலமாகச் செய்வதுதான்.

நிழல்காதலன்:
காலங்காலமாகச் செய்த தப்பு. அமெரிக்க வனத்துறையில் அலெக்ஸ் ஷிகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்து 1970களிலேயே சொல்லிவிட்டார். மரம் காயத்தை ஆற்றிக்கொள்வதில்லை, அதைச் சுற்றித் தடுப்பு எழுப்பி அடைத்துவைக்கிறது. பூச்சு அழுகலைத் தடுப்பதில்லை. சரியான இடத்தில், கிளைக் கழுத்தை, அதாவது கிளை தண்டோடு சேரும் இடத்தில் புடைத்திருக்கும் வளையத்தை, விட்டு வெட்டுவதுதான் முக்கியம்.

ரம்பக்கை:
நான் கழுத்தை விட்டுத்தான் வெட்டுகிறேன். தாரும் பூசுகிறேன். உங்களுக்கு என்ன கஷ்டம்?

கட்டடக்காரன்:
யாரும் பேசாத ஒன்றைச் சொல்கிறேன். அறிக்கை எழுதுகிறவரும் வியாபாரிதான். என் இடத்தில் ஒருவர் வந்து எழுதினார், மறுநாளே "நானே வெட்டித் தருகிறேன்" என்று விலை சொன்னார். அறிக்கைக்கு அப்புறம் எங்கே மரியாதை?

வேரடிமண்:
அப்படிப்பட்டவரிடம் வாங்காதீர்கள். எழுதுகிறவர் ஒருவர், வெட்டுகிறவர் வேறொருவராக இருக்கட்டும். அவர் தருவதில் என்ன மரம், விட்டம், உயரம், எங்கே கோளாறு, விழுந்தால் எதன் மேல் விழும், என்ன செய்யலாம் என்று எல்லாம் இருக்க வேண்டும். வெட்டாமல் கிளைச் சுமையைக் குறைத்தால் போதுமா என்றும் எழுத வேண்டும். ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் நிற்கும் சின்ன மரத்துக்கு இதெல்லாம் வேண்டாம், அதை நானும் சொல்ல மாட்டேன்.

ரம்பக்கை:
சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். ஒலி அலையை அனுப்பி மரத்தை அளக்கிற கருவியும் உங்கள் கறுப்புப் பொருக்கைத் தவறவிடும் என்று வல்லுநர்களே சொல்கிறார்கள். அப்போ என் சுத்தியலைக் குறை சொல்வானேன்?

வேரடிமண்:
ஆமாம், தவறவிடலாம். அந்தப் பூஞ்சை மரத்தின் விறைப்பை அதிகம் குறைக்காமலேயே நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுவந்துவிடும், அதனால் ஒலி வேகமாகவே போய்விடும். கண் பார்த்திருந்தால் தவறவிட்டிருக்காது. எங்கள் மரத்தடியில் குனிந்து சருகை விலக்கிப் பார்க்க இரண்டு நிமிஷம் போதும். வந்தவர் நின்றபடியே தட்டிவிட்டுப் போனார். அதுதான் எனக்கு ஆறவில்லை.

ரம்பக்கை:
கணீர் என்றால் கணீர்தான்.

நிழல்காதலன்:
அண்ணே, தார் விஷயத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.