கண்ட்ரி இசைக்குத் தமிழ்ச்சொல்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

அன்பர்களுக்கு வணக்கம். கலைக்களஞ்சியத்துக்காக, அமெரிக்கச் சிற்றூர்ப் பாட்டிலிருந்து வளர்ந்த 'கண்ட்ரி' என்ற இசைவகையைச் சேர்ந்த 'அலபாமா' குழுவைப் பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்துவருகிறேன். வெள்ளிக்கிழமை மாலை ஒப்படைக்க வேண்டும். "அலபாமா ஒரு நாட்டுப்புற இசைக்குழு" என்று முதல் வரியை எழுதினேன். மெய்ப்புப் பார்த்தவர் ஓரத்தில் சிவப்பு மையால் "பறையா, உடுக்கையா?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். மின்கித்தாரும் டிரம்ஸும் மூன்று குரல் இணைப்புமாக மேடையேறிய குழு இது. 1980இல் 'டென்னசி ரிவர்' பாட்டால் கண்ட்ரி தரவரிசையில் முதலிடம் பிடித்தது. 1982, 1983, 1984 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கண்ட்ரி இசைச் சங்கத்தின் தலைசிறந்த கலைஞர் விருதைப் பெற்றது. 'கண்ட்ரி' என்பதற்கு ஒரு சொல் தாருங்கள். குழுவின் பழைய பெயர்களான யங் கண்ட்ரி, வைல்டுகண்ட்ரி ஆகியவற்றிலும் அதே சொல் வருவதால், எந்தச் சொல்லைக் கொண்டாலும் அங்கே அதன் எதிரொலி கேட்க வேண்டும்.
— மொழிபெயர்ப்பாளர்

அம்மா, நாடு என்ற சொல் இருக்கும்போது வேறு எங்கும் தேட வேண்டியதில்லை. "நாடென்ப நாடா வளத்தன" என்ற குறளில் வள்ளுவர் அச்சொல்லின் பெயர்ப்பொருளையும் வினைப்பொருளையும் ஒரே அடியில் உரசிக் காட்டுகிறார். ஔவையாரோ "நாடா கொன்றோ காடா கொன்றோ" என்று, மக்கள் உழுது குடியிருக்கும் நிலத்தைக் காட்டுக்கு எதிரே நிறுத்துகிறார். ஆகவே நாடு என்பது தொடக்கத்தில் தேசமன்று, விளைநிலமே. நாட்டு + இசை = நாட்டிசை. குற்றியலுகரப் புணர்ச்சி; இதில் ஐயத்துக்கு இடமே இல்லை. இக்குழுவின் ராண்டி ஓவனும் டெடி ஜென்ட்ரியும் பருத்தி விளைந்த பண்ணைகளில் வளர்ந்தவர்கள் என்பதால் பொருளும் பொருந்துகிறது. முல்லையிசை என்பதையும் எண்ணிப் பார்த்தேன். ஆயர் மரபுக்கு அது அழகாக இருக்கும்.
— தமிழாசிரியர் (ஓய்வு), தஞ்சை

புணர்ச்சி சரிதான் ஐயா, வழக்குக்கு என்ன செய்வது? நாட்டுக்கோழி, நாட்டுச்சர்க்கரை, நாட்டு மருந்து என்றெல்லாம் சொல்லும்போது 'நாட்டு' என்பதற்குச் சீமையல்லாதது என்பதுதான் பொருள். சீமைக்காரன் பாட்டுக்கு நாட்டிசை என்று பெயரிட்டால், கடைக்காரர் பிராய்லரை நாட்டுக்கோழி என்று விற்றதுபோல் ஆகிவிடும். கருநாடக இசை கேட்பவர்களுக்கு நாட்டை ராகம் நினைவுக்கு வரும். விரைந்து படிப்பவர் 'நாட்டிய' என்றே படிப்பார். கண்ட்ரி என்றே எழுதுங்கள். இக்குழுவின் ஜெஃப் குக் மேடையில் வாசித்த ஃபிடில் யாருடையது? கச்சேரிகளில் ஒரு காலத்தில் நாம் 'பிடில் வித்வான்' என்று மதிப்போடு அழைத்தவருடையதும் அதே கருவிதானே. அந்தச் சொல்லை உள்ளே விட்டவர்கள் இதற்கு மட்டும் ஏன் கதவடைக்க வேண்டும்?
— இசை ஆர்வலர், சென்னை

பிடிலுக்கு எழுத்து இசைந்தது, அதனால் நுழைந்தது. 'கண்ட்ரி'க்கு இசையவில்லை. டகரப் புள்ளியின் முன் க, ச, ப என்ற மூன்றுமே வரும் என்கிறது தொல்காப்பியம். இங்கே ரகரம் வந்திருக்கிறது. போதாக்குறைக்கு ணகர ஒற்றின் பின் இன்னோர் ஒற்று. அந்த உரிமை ய, ர, ழ என்ற மூன்றுக்கே உண்டு. ஒரு சொல்லில் இரண்டு பிழைகள். எடுத்தே ஆக வேண்டுமென்றால் 'கண்டிரி' என்று எடுங்கள்.
— தமிழாசிரியர் (ஓய்வு), தஞ்சை

ஐயா, 'கண்டிரி' என்று எழுதினால் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் 'கண்டீர்' என்பதன் பிழை வடிவம் என்று நினைப்பார்கள்.
— இசை ஆர்வலர், சென்னை

இடையில் புகுவதற்குப் பொறுத்தருள்க. ஈழத்தில் நாங்கள் நாட்டார் பாடல் என்கிறோம். தமிழகப் பல்கலைக்கழகங்களும் நாட்டார் வழக்காற்றியல் என்றே பாடம் நடத்துகின்றன. ஆகவே பழம்பாடல் மரபுக்கு 'நாட்டார்' என்பதை ஒதுக்கிவிட்டால், 'நாட்டுப்புற' என்ற சொல் கண்ட்ரிக்குக் கிடைத்துவிடும். அமெரிக்கர்களிடமும் இந்தக் குழப்பம் இருந்தது. பில்போர்டு இதழ் 1944இல் இந்த இசைக்குத் தொடங்கிய தரவரிசையின் பெயரில், நாட்டார் மரபைக் குறிக்கும் 'ஃபோக்' என்ற சொல்தான் இருந்தது. 1949இல்தான் அது 'கண்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்' ஆனது.
— யாழ்ப்பாணத்திலிருந்து

புலவர் ஐயா நாட்டையும் காட்டையும் எதிரெதிரே நிறுத்துகிறார். கோவில்பட்டிப் பக்கம் வந்து பாருங்கள்: பருத்தி எடுக்கப் போகிறவர் "காட்டுக்குப் போய்ட்டு வாரேன்" என்றுதான் சொல்லிவிட்டுப் போவார். எங்களுக்கு உழுத நிலமே காடு. அந்தக் குழுவினர் பருத்திப் பண்ணைப் பிள்ளைகள் என்றால், வைல்டுகண்ட்ரி என்ற பெயர் எங்கள் காதில் விழுவது போல் உங்கள் காதில் விழாது. 'காட்டுப்பாட்டு' என்று வையுங்கள்.
— கரிசல்காட்டு உறுப்பினர்

அனைவருக்கும் நன்றி. யாழ்ப்பாண நண்பரின் யோசனைதான் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆயினும் நாட்டுப்புறப் பாட்டு என்ற சொல்லைப் பள்ளிப் பாடநூல் முதல் தொலைக்காட்சி வரை வேறு பொருளில் வேரூன்ற வைத்துவிட்டார்கள். ஒரு கட்டுரையால் அதைப் பிடுங்க முடியாது. முல்லையிசையை விட்டுவிட்டேன்: மாடு மேய்ப்பவரின் தொப்பி டெக்சஸ் பக்கத்து மரபு, இக்குழுவினரின் ஊரான ஃபோர்ட் பெய்னோ பருத்தியும் மலையடிவாரமும். தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்து எண்ணினால் நாட்டிசைக்கு ஐவர், கண்ட்ரிக்கு மூவர், மற்றவற்றுக்கு ஒவ்வொருவர். எனவே கட்டுரையில் 'நாட்டிசை' என்றே எழுதுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் 'கண்ட்ரி எனப்படும் அமெரிக்க நாட்டிசை' என்று விரித்துவிடுகிறேன். நாட்டுக்கோழிச் சிக்கல் அதனால் பாதியாவது தீரும். தென் கரோலினாவின் மிர்ட்டில் பீச்சில், பவரி என்ற மதுக்கடையில், 1973 முதல் பல கோடைகள் அன்பளிப்புக் காசுக்கு வாசித்த காலத்தில் இவர்களின் பெயர் வைல்டுகண்ட்ரி. 1977இல்தான் அலபாமா ஆனார்கள். வைல்டுகண்ட்ரி என்ற பெயரைச் சிறப்புப்பெயர் என்பதால் மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டிருக்கிறேன்.
— மொழிபெயர்ப்பாளர்

சிறப்புப்பெயர் என்றாலும் டகரத்தின் பின் ரகரம் வந்துவிட்டது அம்மா. என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.
— தமிழாசிரியர் (ஓய்வு), தஞ்சை

காட்டுப்பாட்டுக்கு விழுந்த அந்த ஒரு வாக்கு என்னுடையதுதானா, வேறு யாராவது போட்டார்களா?
— கரிசல்காட்டு உறுப்பினர்