மோட்டாரைப் போட்டாலே எம்சிபி விழுகிறது

கேள்வி: மாவு மில்லில் 5 எச்பி த்ரீ ஃபேஸ் மோட்டார், டிஓஎல் ஸ்டார்ட்டர் (மோட்டாரை நேரடியாக முழு வோல்ட்டில் கிளப்புவது). 10 ஆம்பியர் சி டைப் எம்சிபி (கரண்ட் அதிகமானால் தானே அணையும் பிரேக்கர்), மோட்டார் சுவிட்சைப் போட்ட நொடியே விழுகிறது. 32 ஆம்பியர் மாற்றலாமா?

பதில்: அண்ணா, 32 வேண்டவே வேண்டாம். 2.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) ஒயர்தான் போட்டிருப்பீர்கள், எம்சிபி விழுவதற்குள் அது வெந்துவிடும். ஓடும்போது மோட்டார் இழுப்பது 7.5 ஆம்பியர் அளவுதான், கிளம்பும்போது ஆறேழு மடங்கு. சி டைப் தன் ஆம்பியர் அளவைப் போல 5 மடங்கிலேயே விழலாம். டி டைப் 10 மடங்கு வரை பொறுக்கும். அதனால் 16 ஆம்பியர் டி டைப் போடுங்கள். ஓவர்லோடைப் பார்க்க ஸ்டார்ட்டர் ரிலே இருக்கிறது, அதை மோட்டார் பிளேட்டில் உள்ள ஆம்பியருக்கு வையுங்கள்.

இன்னொருவர்: மூன்று சிங்கிள் போல் எம்சிபி (ஒரு ஃபேஸுக்கு ஒன்று) கையில் இருக்கிறது, அதையே போடலாமா?

பதில்: கூடாது. ஒன்று மட்டும் விழுந்தால் மோட்டார் இரண்டு ஃபேஸில் உறுமும். அப்படிக் கருகிய காயிலைப் பிரித்திருக்கிறேன், மூன்றில் இரண்டு பங்கு கரி, மீதி புதுசு போலப் பளபளப்பு. மூன்று ஃபேஸும் ஒன்றாக விழும் டிரிபிள் போல்தான் வேண்டும்.

அப்புறம், டிபியில் (எம்சிபிகள் இருக்கும் பெட்டியில்) நியூட்ரல் ஸ்க்ரூவை இறுக்கிப் பாருங்கள். அது கழன்றால் லைட், ஃபேனுக்கு 400 வோல்ட் வரை ஏறும்.

கேட்டவர்: சரி தம்பி, இன்றே மெயினை அணைத்துவிட்டுப் பார்க்கிறேன்.