புதுப்பிப்பு: வெப்அசெம்பிளி அனுப்பும் இரண்டு எண்கள்

வெப்அசெம்பிளி (உலாவியில் இயங்கும் கீழ்நிலை நிரல் வடிவம்) மாட்யூலுக்கு நான் கொடுத்த ஜாவாஸ்கிரிப்ட் செயற்கூற்றுக்குச் சரம் (எழுத்துத் தொடர்) வராமல் வெறும் இரண்டு எண்கள் வருவது ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது. அவை சரத்தின் நினைவக முகவரியும் பைட் நீளமும். மாட்யூல் ஏற்றுமதி செய்யும் நினைவகத்தின் மீது யுஇன்ட்8அரே (நினைவகத்தைப் பைட் பைட்டாகக் காட்டும் அரே) அமைத்து, அந்தப் பகுதியை, பைட்டுகளை எழுத்தாக்கும் டெக்ஸ்ட்டிகோடரிடம் கொடுத்தால் எழுத்துகள் வந்துவிடுகின்றன.

அதைவிடத் தொல்லை கொடுத்தது வேறொன்று. மாட்யூல் தன் நினைவகத்தைப் பெருக்கியதும் அதுவரை ஜாவாஸ்கிரிப்ட் அந்த நினைவகத்தை அணுகிய பழைய பஃபர் துண்டிக்கப்பட்டு, நீளம் 0 ஆகிவிடுகிறது. முன்கூட்டியே எடுத்துவைத்த அரே அத்தோடு பயனற்றது. அதை அப்படியே டெக்ஸ்ட்டிகோடரிடம் கொடுத்தால் பிழைச்செய்தியும் வராது, வெற்றுச் சரம்தான் வரும்! இப்போது ஒவ்வொரு அழைப்பிலும் அரேயைப் புதிதாக உருவாக்குகிறேன். தரவு எதுவும் நகலாவதில்லை என்பதால் செலவு அற்பம்.

நான் கொடுக்கும் செயற்கூற்றின் பெயர் மாட்யூல் எதிர்பார்க்கும் பெயரோடு பொருந்தாவிட்டால் தொடக்கத்திலேயே லிங்க்எரர் என்ற பிழை வந்துவிடுகிறது. அந்த மட்டில் நிம்மதி.