தகுதிநீக்கமா, தகுதியிழப்பா, பதவித்தடையா?

வணக்கம்.

கலகத்தில் இறங்கியவர் மீண்டும் பதவிக்கு வருவதைத் தடுக்கும் பிரிவு ஒன்று அமெரிக்க அரசமைப்பில் உண்டு, 14-ஆம் திருத்தத்தின் 3-ஆம் பிரிவு. அதில் சொல்லும் 'disqualification' என்பதைத் தமிழில் எழுதத் 'தகுதிநீக்கம்' போதும் என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். பழகிய சொல்தான். 2017-இல் தமிழகச் சட்டமன்ற உறுப்பினர்கள் 18 பேர் மீது பேரவைத் தலைவர் நடவடிக்கை எடுத்தபோது எல்லாரும் அதைத்தான் எழுதினோம். அங்கே நீக்கியவர் ஒருவர் இருந்தார், நீக்கிய நாளும் இருந்தது.

1868-இல் வந்த அந்தப் பிரிவில் இரண்டுமே இல்லை. அரசமைப்புக்குத் துணைநிற்பதாக உறுதிமொழி எடுத்துப் பதவி வகித்தவர், பிறகு அதற்கு எதிரான கலகத்தில் இறங்கினால் மீண்டும் பதவிக்கு வரக்கூடாது என்கிறது. அதை யார் தீர்மானிப்பது என்று சொல்லவில்லை. தடை தானாக வந்து விழுகிறதா, யாராவது விதிக்க வேண்டுமா என்பதுதான் பெரிய வழக்கே. கொலராடோ மாநில உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் இந்தப் பிரிவைக் காட்டி டிரம்பின் பெயரை வாக்குச்சீட்டில் சேர்க்கக்கூடாது என்றது. கூட்டாட்சிப் பதவிகளுக்கு இந்தப் பிரிவைச் செயல்படுத்தும் அதிகாரம் மாநிலங்களுக்கு இல்லை என்று 2024 மார்ச் 4 அன்று நாட்டின் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 'தகுதியிழப்பு' என்று எழுதினால் அவரே இழந்துவிட்டார் என்றாகிறது. 'தகுதிநீக்கம்' என்றால் இன்னொருவர் நீக்கினார் என்றாகிறது. கலைச்சொல் இந்த வழக்கில் ஒரு பக்கம் சாயக்கூடாது. அதனால்தான் 'பதவித்தடை' என்கிறேன்.

நியூ மெக்சிகோவின் ஒட்டெரோ மாவட்ட ஆணையர் கூய் கிரிஃபின் வழக்கைப் பாருங்கள். 2022 செப்டம்பர் 6 அன்று நீதிமன்றம் இதே பிரிவின்படி அவரைப் பதவியிலிருந்து இறக்கியது. ஆனால் 2021 ஜனவரி 6, அதாவது நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்ட நாளிலிருந்தே அவர் பதவிக்கு உரியவர் அல்ல என்றது தீர்ப்பு. இடையில் இருபது மாதம்! முதல் நாளில் நடந்தது பதவித்தடை, பின்னதில் நடந்தது பதவிநீக்கம். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்தத் தீர்ப்பை மொழிபெயர்க்கவே முடியாது.

இன்னொன்று. இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு இருந்தால் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இந்தத் தடையை விலக்கலாம். உள்நாட்டுப் போரில் கலகம் செய்த தென்மாநிலத்தாரில் பெரும்பாலோருக்கு 1872-இல் அப்படி விலக்கியது. 'தகுதிநீக்கத்தை நீக்கும் அதிகாரம்' என்று வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், நாக்கு இடறும். 'பதவித்தடையை நீக்கும் அதிகாரம்' சரளமாக வருகிறது.

அப்புறம், அந்தப் பிரிவில் வரும் 'insurrection' என்பதற்குக் 'கிளர்ச்சி' வேண்டவே வேண்டாம் என்பேன். இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி என்று பெருமையோடு சொல்கிற மொழி நம்முடையது. உரிமை கேட்டுத் தெருவில் இறங்கியவர்களையும் ஆட்சி மாற்றத்தை அடிதடியால் தடுக்க வந்தவர்களையும் ஒரே சொல்லில் அடைப்பது அநியாயம். 'அரசுக் கலகம்' என்றால் அரசே செய்த கலகமோ என்று தோன்றும். 'அரசெதிர் கலகம்' சரியாக இருக்கும்.

ஆக, 'பதவித்தடை', 'அரசெதிர் கலகம்'. தயக்கம் ஒன்றுதான்: அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளராகக்கூடக் கலகம் செய்தவர் இருக்கக்கூடாது என்கிறது பிரிவு. ஒரே ஒரு நாள் வாக்களித்துவிட்டுக் கலையும் தேர்வாளரைப் 'பதவி' என்ற சொல்லுக்குள் கொண்டுவரலாமா?