நியூயார்க் கிளின்டன் ஸ்ட்ரீட் பேக்கிங் கம்பெனி: பிரன்ச் (காலையும் மதியமும் சேர்ந்த சாப்பாடு) சாப்பிடப் போகலாமா?

கேள்வி: அடுத்த மாதம் மன்ஹாட்டன் போகிறோம். லோயர் ஈஸ்ட் சைடில் இருக்கும் இந்தக் கடைக்காக வரிசையில் நிற்கலாமா? அம்மா இறைச்சி சாப்பிடமாட்டார், முட்டை சரி.

பதில்: தாராளமாக நில்லுங்கள். 2001-ல் தொடங்கிய கடை. புளூபெர்ரி பான்கேக்கைத்தான் முதலில் சொல்ல வேண்டும், ஓரம் லேசாக மொறுமொறு, உள்ளே பஞ்சு, கூடவே மேப்பிள் சிரப்பில் வெண்ணெய் கலந்து சூடாகத் தருவார்கள், அதற்காகவே திரும்பப் போகத் தோன்றும். பிப்ரவரியில் பான்கேக் மாதம் என்று விதவிதமாகப் போடுவார்கள்.

பதில்: அம்மாவுக்கு மோர் விட்டுப் பிசைந்த பிஸ்கட்டும் (நம்மூர் பிஸ்கட் இல்லை, மெத்தென்ற குட்டி ரொட்டி) ஜாமும் வாங்கிக்கொடுங்கள். முட்டை அயிட்டங்களில் பேக்கன் (பன்றி இறைச்சி) சேரலாம், ஆர்டர் கொடுக்கும்போதே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பதில்: ஞாயிறு மட்டும் வேண்டாம். வாரநாள் காலையில் போங்கள், அப்புறம் அம்மா நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடலாம்.