மறு: பல்லில்லாத ரம்பத்துக்கு என்ன பெயர்?

நண்பர்களுக்கு வணக்கம். பல்லுக்குப் பதிலாக விளிம்பில் கடினத் துகள் ஒட்டிய ரம்பத்துக்கு (ரம்பத்தை வாள் என்றும் சொல்வோம்) அகராதிப் பதிவாக ஒரு தமிழ்ப் பெயர் தேடுகிறோம். வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> கூட்டுப்பொருள் வாள் என்று வைத்துவிடலாமே?

வைத்தால் கடையில் தவறான அலகைத்தான் (பிளேடைத்தான்) வாங்கி வருவார்கள். கூட்டுப்பொருள் என்பது துணி, காகிதம், இழை போன்றவை பிசினோடு சேர்ந்து இறுகியது. கத்திப்பிடிக்குப் போடும் மைக்கார்ட்டா, ஜி-10 இரண்டுமே கூட்டுப்பொருள்தான். மைக்கார்ட்டாவில் துணியோ காகிதமோ பினாலிக் பிசினில் ஊறி இறுகியிருக்கும். இரும்பு அறுக்கும் சாதாரண பை-மெட்டல் (இரு உலோகம் இணைத்த) ஆக்ஸா பிளேடே அதை அறுத்துவிடும். ஜி-10 அப்படியில்லை. கண்ணாடியிழைத் துணியை எப்பாக்சிப் பிசினில் தோய்த்து, அடுக்கி, சூட்டில் அழுத்தி எடுத்த பலகை அது. மின்சுற்றுப் பலகைகளுக்குப் பயன்படும் எஃப்ஆர்-4 இதே குடும்பம், தீத்தடுப்புச் சேர்த்தது. இதில் அதே பிளேடைப் போட்டால் தொடக்கத்தில் ஒழுங்காக இறங்கும், கொஞ்ச நேரத்தில் வழுக்கும், பிறகு சூடேறிப் பிசின் கருகும். கண்ணாடி பல்லின் கூரைத் தேய்த்துவிடுகிறது. இன்னும் அழுத்தி இழுப்பதால் பயனில்லை.

இதற்குத் தோதான அலகு இரண்டு வகை. பல் நுனியில் கார்பைடு (எஃகைவிடக் கடினமான பொருள்) வைத்துப் பற்றவைத்தது ஒன்று. அதைக் ‘கார்பைடுப்பல் வாள்’ என்றால் யாருக்கும் விளங்கும். மற்றதில் பல்லே கிடையாது. விளிம்பு முழுக்க டங்ஸ்டன் கார்பைடு துகளோ வைரத் துகளோ ஒட்டியிருக்கும். நாம் பெயர் தேடுவது இதற்குத்தான்.

> குருணை அலகு? உப்புத்தாளுக்கும் குருணை எண்தானே சொல்கிறோம்.

குருணை துகளின் பருமனைச் சொல்கிறது, அலகு செய்யும் வேலையைச் சொல்லவில்லை. இந்த அலகு வெட்டுவதே இல்லை, தேய்த்தே வழி பண்ணுகிறது. கீழே விழுவதும் சீவல் அல்ல, மாவு போன்ற தூள்.

> அரவாள்?

தேய்ப்பது அரத்தின் வேலை என்பதற்குக் குறளிலேயே சான்று உண்டு (888, ‘அரம்பொருத பொன்போல’). ஆனால் அரத்துக்கும் வரிவரியாகப் பல் இருக்கிறது. போதாததற்கு, அச்சில் பாதிப்பேர் அதை அரிவாள் என்றே வாசிப்பார்கள்.

என் பரிந்துரை ‘சாணைவாள்’. சாணைக்குப் பல் இல்லை. கடினமான மணிகளை ஒரு பிணைப்புப் பொருள் பிடித்து வைத்திருக்கும். அந்தக்காலச் சாணை, குருந்தம் என்ற கடினக் கல்லின் பொடியை அரக்கில் குழைத்துச் செய்தது. (அந்தக் குருந்தம்தான் ஆங்கிலத்தில் கொரண்டம் ஆயிற்று.) சாணை கூர்தீட்டத்தானே என்று யாராவது கேட்கலாம். கூர்தீட்டுவதும் தேய்ப்புதான் ஐயா. ரம்பத்தை விட்டு வாளை எடுத்ததற்குக் காரணம், மரம் அறுக்கும் இடத்தை இன்றும் வாள்பட்டறை என்கிறோம், இலங்கையிலும் வாள் என்றே வழக்கு.

பதிவுக்கு:

சாணைவாள் (பெ.) – பற்களுக்குப் பதிலாக விளிம்பில் கடினத் துகள் பதித்த, தேய்த்து அறுக்கும் வாள். எ-டு: ஜி-10 பலகையைச் சாணைவாளால் தண்ணீர் விட்டு மெதுவாக அறுக்கவும், கண்ணாடித் தூள் நுரையீரலுக்கு ஆகாது, கைக்குட்டை போதாது, தூசி வடிகட்டும் முகக்கவசம் அணியவும்.

எடுத்துக்காட்டு நீளம்தான். ஆனாலும் அந்தக் கடைசிப் பகுதியை வெட்ட வேண்டாம் என்பது என் கருத்து.

ஒன்று பாக்கி. கைச்சட்டத்தில் மாட்டும் அலகு தனியாகவும் விற்கிறது. அதற்குச் ‘சாணையலகு’ என்று தனிப்பதிவு வேண்டுமா, இதன் கீழேயே சேர்த்துவிடலாமா? பட்டறை வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.