பிரான்ஸ் விசா: அம்மாவுக்கு முதலில் மறுப்பு, பிறகு அனுமதி. உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்

கொள்ளிடக்கரை (திருச்சி):

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 63. தங்கை பாரிஸுக்கு வடக்கே சார்செல் நகரில் குடும்பத்தோடு இருக்கிறாள். நவம்பரில் அவளுக்கு இரண்டாவது பிரசவம். அம்மா பக்கத்தில் இருந்தால்தான் தைரியம் என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜூலையில் விண்ணப்பித்தோம், மறுத்துவிட்டார்கள். ஆகஸ்ட் கடைசியில் மறுபடி விண்ணப்பித்தோம், செப்டம்பரில் விசா வந்துவிட்டது. நடுவில் பட்டதையெல்லாம் எழுதுகிறேன்.

முதல்முறை எல்லாவற்றையும் ஓர் ஏஜென்டிடம் விட்டுவிட்டேன். மறுப்புத் தாளில், விசாக் காலம் முடிவதற்குள் நாடு திரும்புவார் என்பதில் ஐயம் இருக்கிறது என்ற கட்டத்தில் குறியிட்டிருந்தார்கள். நான் படித்துச் சொன்னதும் அம்மா, "அறுபது வருஷமாக ஒரே தெருவில் இருக்கிறேன், நான் எங்கே ஓடப்போகிறேன்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அன்று இரவு கோப்பைப் பிரித்து எல்லாத் தாள்களையும் கூடத்தில் பரப்பினேன். விண்ணப்பத்தில் 80 நாட்கள். தங்கை அனுப்பிய வரவேற்புச் சான்றில் (வருகிறவரை வீட்டில் தங்கவைக்கிறேன் என்பதற்கு அங்குள்ள நகராட்சி தரும் தாள்) 60 நாட்கள். மருத்துவக் காப்பீடு 75ஆம் நாளோடு முடிகிறது. அம்மாவின் வங்கிக் கணக்கில், விண்ணப்பிப்பதற்கு ஒன்பது நாட்கள் முன்பு நான் போட்ட நான்கு லட்சம் ரூபாய் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி விளக்கம்கூட இல்லை. அம்மா பெயரில் இருக்கும் ஒன்றரை ஏக்கர் நிலத்தின் பட்டாவையும் அப்பாவின் குடும்ப ஓய்வூதியத் தாளையும் ஏஜென்ட் வைக்கவே இல்லை. அம்மாவைத் தெரியாத ஓர் அதிகாரி இந்தத் தாள்களை வைத்து என்ன முடிவுக்கு வருவார்? எனக்கே கோபம் தணிந்துவிட்டது.

இரண்டாம்முறை நானே உட்கார்ந்தேன். அக்டோபர் 22 முதல் ஜனவரி 4 வரை, மொத்தம் 75 நாட்கள். சான்று, காப்பீடு, டிக்கெட் முன்பதிவு, விண்ணப்பம் நான்கிலும் இதே தேதிகள். காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) முழுவதற்கும் செல்லுபடியாக வேண்டும். கையிருப்புக்கும் பிரான்ஸ் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. வரவேற்புச் சான்றோடு உறவினர் வீட்டில் தங்கினால் நாளுக்கு 32.50 யூரோ, ஹோட்டல் பதிவு இருந்தால் 65, தங்குமிடமே காட்டாவிட்டால் 120. அம்மாவுக்கு 75 நாட்களுக்கு 2,437.50 யூரோ. அதற்கு மேல் இருப்பைக் காட்டினோம். நான் அனுப்பிய பணம் மகன் அனுப்பியது என்று கடிதமும் என் கணக்கு அறிக்கையும் வைத்தோம். "என் மகனும் பேரப்பிள்ளைகளும் திருச்சியில் இருக்கிறார்கள், தை அறுவடைக்கு நான் ஊரில் இருக்க வேண்டும்" என்று அம்மா சொல்லச் சொல்ல எழுதிய கடிதத்தில் அவரே கையெழுத்திட்டார்.

சென்னை விசா விண்ணப்ப மையத்தில் கைரேகை எடுத்ததை மறக்க முடியாது. நாற்பது வருடம் நாற்று நட்டு, புளி உரித்து, பாத்திரம் தேய்த்த விரல்கள். கருவி ரேகையை எடுக்கவில்லை, திரும்பத் திரும்பச் சிவப்பு விளக்குதான். அங்கிருந்த பெண் ஈரத்துணியால் அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, கண்ணாடியின் மேல் தன் கையால் மெதுவாக அழுத்திப் பிடித்தார். பத்து விரலும் பதிய இருபது நிமிடம் ஆனது. "பரவாயில்லை அம்மா, அவசரமில்லை" என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் நன்றாக இருக்கட்டும்.

கட்டணம் 90 யூரோ (2024 ஜூன் 11க்கு முன்பு 80), மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மறுத்தால் திரும்பி வராது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை 15 நாட்கள். முடிவுக்குச் சாதாரணமாக 15 நாட்கள், சிலருக்கு 45 வரை போகும். ஆகவே கடைசி எல்லையை நம்பாதீர்கள்.

ஒரு சந்தேகம். அடுத்த ஏப்ரலில் குழந்தைக்குக் காது குத்து என்கிறாள் தங்கை. அம்மா மறுபடி போக முடியுமா?

நொய்யல் (கோவை):

அண்ணா, உங்கள் பதிவைப் படித்ததும் என் தவறையும் எழுதவேண்டும் என்று தோன்றியது. நானும் கணவரும் பாரிஸில் ஐந்து நாட்கள் இருந்துவிட்டு, ரயிலில் லண்டன் போய் நான்கு நாட்கள் தங்கி, மறுபடி பாரிஸ் வந்து விமானம் ஏறுவதாகத் திட்டம். பிரிட்டன் விசாவும் தனியாக எடுத்திருந்தோம். எல்லாம் சரி என்று நினைத்தோம்.

லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்திலேயே பிரெஞ்சு எல்லைக் காவலர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ரயில் ஏறுவதற்கு முன்பே பிரான்ஸுக்குள் நுழையும் சோதனை முடிந்துவிடும். அந்த அதிகாரி எங்கள் விசாவில் ஓர் இடத்தை விரலால் தட்டிக் காட்டினார். நுழைவுகள் என்ற கட்டத்தில் '01'. சென்னையிலிருந்து வந்து இறங்கியபோதே அந்த ஒன்று செலவாகிவிட்டது. பிரிட்டன் ஷெங்கனில் இல்லை, அங்கே போனால் வெளியேறியதாகத்தான் கணக்கு. விசா இன்னும் இரண்டு வாரம் செல்லும் என்று நான் தேதியைக் காட்டிக் கெஞ்சினேன். அவர் கோபப்படவில்லை, ஆனால் வழிவிடவும் இல்லை. ரயில் போய்விட்டது. அன்றிரவே லண்டனிலிருந்து சென்னைக்கு நேராக டிக்கெட் வாங்கினோம், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்கு மேல். பாரிஸில் தோழி வீட்டில் வைத்த பெட்டி மூன்று மாதம் கழித்துத்தான் ஊர் வந்து சேர்ந்தது.

நடுவில் ஷெங்கனை விட்டு வெளியே போகும் எண்ணமிருந்தால், விண்ணப்பத்திலேயே இரண்டு நுழைவோ பல நுழைவோ கேளுங்கள். விசா கைக்கு வந்ததும் தேதியை மட்டும் பார்க்காமல், எத்தனை நுழைவு, எத்தனை நாள் தங்கலாம் என்ற இரண்டு கட்டங்களையும் படியுங்கள். விசா ஒரு மாதம் செல்லும், தங்கும் நாள் பத்து என்றுகூட இருக்கும்.

வைகைப்பிள்ளை (மதுரை):

அப்படியானால் பாரிஸிலிருந்து சுவிட்சர்லாந்து போய்த் திரும்பினாலும் இதே சிக்கல் வருமா? ஜெனீவாவில் என் சித்தப்பா இருக்கிறார்.

நொய்யல் (கோவை):

வராது. சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஷெங்கனில் இருக்கிறது. அயர்லாந்து நேர்மாறு, ஒன்றியத்தில் உண்டு, ஷெங்கனில் இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். சித்தப்பா வீட்டில்தான் அதிக நாட்கள் என்றால் விண்ணப்பம் சுவிட்சர்லாந்துக்குப் போகவேண்டும். இரண்டிலும் சம நாட்கள் என்றால் முதலில் இறங்கும் நாட்டுக்கு.

வைகைப்பிள்ளை (மதுரை):

மிக்க நன்றி. என் பங்குக்கு ஒன்று. நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாக இருக்கும். எனக்கும் அப்படித்தான். காப்பீட்டில் அப்பா பெயரை முன்னால் போட்டுவிட்டார்கள், விமானப் பதிவில் பின்னால், விண்ணப்பத்தில் அப்பா பெயரே இல்லை. மூன்று தாளில் மூன்று மனிதர்கள்! மையத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பாஸ்போர்ட்டில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லாத் தாளிலும் வரச் செய்தபிறகு வாங்கிக்கொண்டார்கள்.

பனங்கூடல் (யாழ்ப்பாணம்):

இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்காக எழுதுகிறேன். என் மருமகன் தென்னமெரிக்க நாடு ஒன்றுக்குப் பாரிஸ் வழியாகப் போகப் புறப்பட்டார். பாரிஸில் ஆறு மணி நேரம் விமான நிலையத்துக்குள்ளேயே காத்திருந்து அடுத்த விமானம் ஏறுவதுதான் பயணம். வெளியே கால் வைக்கவே போவதில்லை. ஆனால் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே பயணப்பொதிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இலங்கையர் ஷெங்கன் நாட்டின் விமான நிலையம் ஒன்றில் விமானம் மாறுவதற்கும் விமான நிலைய இடைமாறல் விசா வேண்டும். எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும் பொதுவான பட்டியலில் நம் நாடு இருக்கிறது. செல்லுபடியாகும் கனடா, அமெரிக்கா, ஜப்பான் விசாவோ ஷெங்கன் விசாவோ இருந்தால் இந்தத் தேவை இல்லை. அவரிடம் எதுவும் இருக்கவில்லை. டிக்கெட் விற்றவர்கள் ஒரு சொல் சொல்லவில்லை. பிள்ளை விடியற்காலை மூன்று மணிக்கு வாடகை வாகனத்தில் திரும்பி வந்த காட்சி இன்னும் மனதை வருத்துகிறது. இப்போது தோஹா வழியாகப் போய்விட்டார்.

லாசப்பல் வாசி (பாரிஸ்):

தம்பி கொள்ளிடக்கரை, நான் இங்கே 22 வருடமாக இருக்கிறேன். அந்த வரவேற்புச் சான்றை நாங்கள் வாங்கும் கதையையும் சொல்கிறேன், ஊரில் இருப்பவர்களுக்கு அதன் பாடு தெரிவதில்லை. 'மெரி' என்று நாங்கள் சொல்லும் நகராட்சி அலுவலகத்துக்கு அழைப்பவரே நேரில் போகவேண்டும். அடையாள அட்டை அல்லது வதிவிட அட்டை, வீட்டு வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு எல்லாம் கேட்பார்கள். 30 யூரோ முத்திரை, சான்று கிடைக்காவிட்டாலும் அது போனதுதான். வருகிறவரிடம் பணமில்லாவிட்டால் செலவை நான் ஏற்கிறேன் என்று கையெழுத்திடுகிறோம். வீட்டில் எத்தனை பேர், எத்தனை அறை என்றும் பார்ப்பார்கள். என் மாமியாருக்கு எடுத்தபோது ஐந்து வாரம் ஆனது. ஆகவே சான்று கைக்கு வரும் முன் சென்னையில் தேதி பிடிக்காதீர்கள்.

அந்த மூலத்தாளை அம்மாவின் கைப்பையில் வையுங்கள். என் அப்பா பெரிய பெட்டிக்குள் வைத்துவிட்டார். சார்ல் து கோல் விமான நிலையத்தில் எல்லைக் காவலர் கேட்டபோது, பெட்டி வரும் பட்டைக்குப் போக அவரை விடவில்லை. பிறகு எனக்குத் தொலைபேசியில் பேசி, நான் பிரதியை அனுப்பி, ஒன்றரை மணி நேரம். விசா இருந்தாலும் உள்ளே விடுவது எல்லையில் இருப்பவர் கையில்தான் இருக்கிறது. முகவரி, திரும்பும் டிக்கெட், காப்பீடு, பணம் நான்கையும் அம்மா ஒரே உறையில் வைத்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று. மகள் பிரசவத்துக்கு வரும் தாய் நெய்யும் பால்கோவாவும் கொண்டுவராமல் இருக்கமாட்டார். வேண்டாம். ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து பயணிகள் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுவரத் தடை. கறிவேப்பிலையையும் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். தேங்காய், வாழைப்பழம் கொண்டுவரலாம். மற்றதெல்லாம் பாரிஸில் தமிழர் கடைகள் நிறைந்த லாசப்பல் பகுதியில் கிடைக்கிறது, நெய்யும் கிடைக்கிறது.

உங்கள் ஏப்ரல் கேள்விக்கு வருகிறேன். எந்த 180 நாளை எடுத்தாலும் 90க்கு மேல் தங்கக்கூடாது என்பது விதி. வரும் நாளும் போகும் நாளும் கணக்கில் சேரும். இந்தப் பயணத்திலேயே அம்மா 75 நாட்களைச் செலவழித்திருப்பார், மீதி 15. அக்டோபர் 22ஆம் தேதியை முதல் நாளாக வைத்தால் 180ஆம் நாள் ஏப்ரல் 19. ஏப்ரல் 20 முதல் பழைய நாட்கள் ஒவ்வொன்றாகக் கணக்கிலிருந்து விழும். எனவே மார்ச்சில் வந்தால் 15 நாளில் திரும்பவேண்டும். ஏப்ரல் 5இல் வந்தால், கையிலுள்ள 15 நாள் தீர்கிற நேரத்தில் பழையவை விழத் தொடங்கிவிடும், ஜூலை 3 வரைகூட இருக்கலாம். ஒரே ஒரு நாள் முந்தி ஏப்ரல் 4இல் வந்தால் 19ஆம் தேதி 91 ஆகிவிடும். விசா புதிதாக எடுக்கவேண்டும், ஆனால் கணக்கு இதுதான்.

கடற்கரைச் சாலை (புதுச்சேரி):

அந்தப் புதிய விசாவைப் பற்றி ஒரு நல்ல செய்தி. இந்தியர்களுக்கென்று 2024 ஏப்ரல் 18இல் ஐரோப்பிய ஆணையம் ஒரு விதி கொண்டுவந்தது. மூன்று ஆண்டுக்குள் இரண்டு விசா வாங்கி முறையாகப் பயன்படுத்தியிருந்தால், அடுத்தது இரண்டு ஆண்டுப் பல நுழைவு விசா. அதன்பின் ஐந்து ஆண்டு. ஆனால் பாஸ்போர்ட்டில் அதற்கேற்ற ஆயுள் இருக்கவேண்டும். எனக்கு 14 மாதமே மிச்சம் இருந்ததால் ஓர் ஆண்டுக்குத்தான் கொடுத்தார்கள். அம்மாவின் பாஸ்போர்ட்டை இப்போதே பாருங்கள். மறுப்பு வந்தவர்கள் முறையிடவும் வழி இருக்கிறது. 30 நாளுக்குள் நான்ட் நகரில் இருக்கும் விசாத் துறைக்கு எழுதவேண்டும். தாளில் பிழை நம்முடையது என்றால், தம்பி செய்ததுபோல் மறுவிண்ணப்பமே விரைவு.

கொள்ளிடக்கரை (திருச்சி):

லாசப்பல் அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வது! நெய் டப்பாவை அம்மா கட்டிவைத்திருந்தார், பெட்டியிலிருந்து எடுத்துவிட்டேன். ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

நேற்று போய்ச் சேர்ந்தார். ஷெங்கன் எல்லைகளில் 2025 அக்டோபர் 12இல் தொடங்கிய புதிய பதிவு முறைக்காக முகத்தைப் படம் எடுத்தார்களாம், கைரேகை ஏற்கெனவே விசாவோடு இருப்பதால் மறுபடி கேட்கவில்லை. காவலர் ஏதோ கேட்டிருக்கிறார். அம்மாவுக்குப் புரியவில்லை. உறையை அப்படியே நீட்டியிருக்கிறார். அவர் சான்றைப் பார்த்து, "சார்செல்?" என்று கேட்டாராம். அம்மா, "ஆமாம் ஐயா, என் மகள்" என்று தமிழிலேயே சொன்னாராம். முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்.

இரவு தங்கையின் போனிலிருந்து பேசினார். "இங்கே நெய் நன்றாகத்தான் இருக்கிறது" என்றார்.